விண்வெளி வீடியோ விளையாட்டுகள் மாணவர்க்கு ஏற்றவையா?

"பையன் கணிப்பொறியில் ராக்கெட் விளையாட்டு வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, சார்?" இயற்பியல் கற்பிப்பவர்களிடம் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வி சிறிது, விடை அவ்வளவு எளிதன்று. 'விண்வெளி' என்ற ஒரே பெயரின்கீழ் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஆட்டங்கள் விற்கப்படுகின்றன. ஒன்று நியூட்டனின் விதிகளை விரல்நுனிக்குக் கொண்டுவருகிறது. மற்றொன்று பேரரசு ஒன்றை நடத்தச் சொல்கிறது. இன்னொன்று பள்ளிப் பிள்ளையை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் ஆட்டங்கள் இவை: 2011-இல் முதலில் வெளியாகி, 2015-இல் முழுமை பெற்ற 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்', 2016-இல் சுவீடனிலிருந்து வந்த 'ஸ்டெல்லாரிஸ்', 2002-இல் ஜெர்மனியில் தோன்றிய 'ஓகேம்'. மூன்றும் திட்டமிட்டு, வளங்களைக் கணக்கிட்டு ஆடவேண்டியவை. மூன்றிலும் விண்கலங்கள் உண்டு. ஒற்றுமை அத்துடன் முடிகிறது.

உறையில் உள்ள எண் போதுமா?

வீடியோ விளையாட்டுகளுக்கு வயது எண் குறிக்கும் வழக்கம் மேலை நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 1994 முதலும், ஐரோப்பாவில் 2003 முதலும் இதற்கெனத் தனி அமைப்புகள் இயங்கி வருகின்றன. ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்ற ஐந்து எண்கள். வன்முறை, கெட்ட சொற்கள், அச்சமூட்டும் காட்சிகள், சூதாட்டம் போன்றவை உள்ளனவா என்று பார்த்து எண் இடுகிறார்கள். இது பயனுள்ள பணிதான், குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் அந்த எண் ஆட்டம் திரையில் எதைக் காட்டுகிறது என்பதைத்தான் பெரும்பாலும் கூறுகிறது. ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதை அது கூறுவதில்லை. அதில் வரும் அறிவியல் மெய்யா பொய்யா என்றும் கூறுவதில்லை. சதுரங்கத்தில் இரத்தம் இல்லை. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்கும் தடையில்லை எனலாம். அதற்காக மூன்று வயதுக் குழந்தை சதுரங்கம் ஆடிவிடுமா?

எனவே விண்வெளி ஆட்டம் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன், வயது எண்ணோடு வேறு மூன்று கேள்விகளையும் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, இந்த ஆட்டத்தின் வானம் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படுகிறதா? இரண்டாவது, இந்த ஆட்டத்தில் பிறர் யார்: மனிதர்களா, வெறும் எண்களா? மூன்றாவது, ஆட்டம் யாருடைய கடிகாரப்படி ஓடுகிறது? மூன்று ஆட்டங்களிடமும் இவற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

விதிக்குக் கட்டுப்பட்ட வானம்

கெர்பல் ஆட்டத்தை உருவாக்கியது மெக்சிகோ நகரத்து நிறுவனம் ஒன்று. 'கெர்பின்' என்னும் கற்பனைக் கோளில் வாழும் சின்னஞ்சிறு பச்சை உயிர்களுக்கு நீங்கள் விண்வெளித் திட்டம் அமைத்துத் தரவேண்டும். எரிபொருள் கலம், எஞ்சின், இறக்கை, வான்குடை முதலிய உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ராக்கெட்டைக் கட்டுகிறீர்கள், பிறகு ஏவுகிறீர்கள். முதல் ராக்கெட் பெரும்பாலும் கவிழ்ந்துவிடும். ஏன் கவிழ்ந்தது என்று கேட்கத் தொடங்கியவுடன் பாடமும் தொடங்கிவிடுகிறது.

ராக்கெட் நேர்மேலே போனால் விண்வெளியை அடைந்துவிடும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் போடிமெட்டுச் சாலையை எண்ணிப் பாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் ஜீப்பை நடுவழியில் நிறுத்தினாலும் சாலை அதைத் தாங்கிக்கொள்ளும். தேநீர் குடித்துவிட்டு ஆற அமரப் புறப்படலாம். அதுவரை ஒரு சொட்டு டீசலும் செலவாகாது. ராக்கெட்டுக்கு அடியில் சாலை இல்லை. அது செங்குத்தாக ஏறும் ஒவ்வொரு வினாடியும், அதன் எஞ்சின் தரும் வேகத்தில் வினாடிக்கு 9.8 மீட்டர் அளவைப் புவியீர்ப்பு விழுங்கிவிடுகிறது. ஆகவே ராக்கெட் விரைவில் பக்கவாட்டில் சாயவேண்டும். மிக விரைவாகச் சாய்ந்தாலோ, கீழே உள்ள அடர்ந்த காற்றை நீண்ட தொலைவு கிழித்துக்கொண்டு போகவேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வளைவைக் கண்டுபிடிப்பதுதான் ஏவுதலின் கலை. இதைக் கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்கலாம். ஆட்டத்தில் நான்கு முறை தோற்றால் ஐந்தாம் முறை கைக்கே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது சுற்றுப்பாதை. சந்திரயான்-3 விண்கலம் 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்டது. ஆகஸ்டு 23 அன்றுதான் நிலவில் இறங்கியது. அமெரிக்கர்கள் 1969-இல் நான்கே நாள்களில் நிலவுக்குப் போனார்களே, நாம் ஏன் பூமியையே சுற்றிச் சுற்றி வந்தோம் என்று பலர் கேட்டார்கள். விடை அழகானது. சந்திரயானின் முதல் பாதை நீண்ட நீள்வட்டம். பூமிக்கு அண்மையில் வரும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 10 கி.மீ.; சேய்மையில் ஒன்றரை கி.மீ. அளவே. எஞ்சினை இயக்கி வினாடிக்கு 100 மீட்டர் வேகம் கூட்டுவதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அதே 100 மீட்டரை அண்மையில் கூட்டும்போது கிடைக்கும் ஆற்றல், சேய்மையில் கிடைப்பதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். எனவே ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு அருகே வரும் வேளைக்குக் காத்திருந்து, ஐந்து முறை பாதையை உயர்த்தி, குறைந்த எரிபொருளில் நம் கலம் நிலவை நோக்கிப் புறப்பட்டது. கெர்பல் ஆட்டத்தில் இதே செயலைச் செய்து பார்க்கலாம். சேய்மைப் புள்ளியில் எஞ்சினை இயக்கி எரிபொருளை வீணாக்கிய மாணவன் இந்தப் பாடத்தை மறப்பதில்லை.

இன்னொரு விந்தை. முன்னே செல்லும் கலத்தைப் பின்னே வரும் கலம் பிடிக்கவேண்டுமானால் என்ன செய்யவேண்டும்? வேகத்தைக் கூட்டவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். கூட்டினால் பாதை பெரிதாகி, சுற்ற ஆகும் நேரமும் கூடி, கலம் மேலும் பின்தங்கிவிடும். வேகத்தைக் குறைத்தால் பாதை தாழ்ந்து, விரைவில் சுற்றி வந்து பிடித்துவிடலாம். 1965-இல் ஜெமினி-4 கலத்தில் சென்ற அமெரிக்க வீரர்கள், தங்கள் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க முயன்று இயலாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ இரு கலங்களை விண்ணில் இணைத்ததன் அருமை, ஆட்டத்தில் ஒரு முறையேனும் இணைக்க முயன்று தோற்றவர்களுக்கு நன்கு விளங்கும்.

ஆட்டம் மறைக்கும் உண்மைகள்

இவ்வளவு பாராட்டியபின் குறைகளையும் சொல்லவேண்டும். முதலில், கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. ஆனால் இரண்டிலும் மேற்பரப்பின் ஈர்ப்பு ஒன்றே. சிறிய கோளுக்குப் பெரிய ஈர்ப்பு வேண்டுமானால் அடர்த்தி மிகவும் கூடவேண்டும். கணக்கிட்டால் கெர்பினின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 58 கிராம் அளவில் வருகிறது. நாம் அறிந்த உலோகங்களில் மிக அடர்ந்த ஆஸ்மியத்தின் அடர்த்தியே 22.6 கிராம்தான். அப்படிப்பட்ட பாறைக் கோள் எங்கும் இருக்க முடியாது.

ஏன் இந்தப் புரட்டு? ஆட்டக்காரரின் பொறுமைக்காகத்தான். கெர்பினைச் சுற்றிவர, இழப்புகள் உட்பட, வினாடிக்குச் சுமார் 3,400 மீட்டர் வேகத்துக்குரிய எரிபொருள் போதும். பூமியைச் சுற்றிவரச் சுமார் 9,400 மீட்டர் வேண்டும். எஞ்சினிலிருந்து வாயு வினாடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டு சியால்கோவ்ஸ்கி சமன்பாட்டைப் பயன்படுத்திப் பாருங்கள். ஒரு டன் நிறையைச் சுற்றுப்பாதையில் சேர்க்க, கெர்பினில் தரையில் 3 டன் போதும். பூமியில் 23 டன் வேண்டும். வேகத் தேவை மூன்று மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியது. நிறையோ ஏழு மடங்குக்கு மேல் கூடிவிட்டது! ஆட்டத்தில் எளிதாக வென்றவர் 'ராக்கெட் அறிவியல் இவ்வளவுதானா?' என்று எண்ணிவிடக்கூடாது.

இரண்டாவது குறை சற்று நுண்ணியது. ஆட்டத்தில் ஒரு கலத்தின்மேல் ஒரு நேரத்தில் ஒரே கோளின் ஈர்ப்புதான் செயல்படும். கோளின் எல்லை தாண்டியதும் அதன் ஈர்ப்பு அறவே மறைந்து, அடுத்ததன் ஈர்ப்பு தொடங்கிவிடும். உண்மையில் சூரியனும் பூமியும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. அதனால்தான் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், இரு ஈர்ப்புகளும் சேர்ந்து உண்டாக்கும் சிறப்பிடம் ஒன்று அமைகிறது. 2024 ஜனவரி 6 அன்று நம் ஆதித்யா எல்-1 அந்த இடத்தைச் சுற்றும் பாதையில் சேர்ந்தது. அந்தப் பாதையை இந்த ஆட்டத்தில் அமைக்கவே முடியாது.

மூன்றாவதாக, ஆட்டத்துப் பச்சை மனிதர்களுக்கு மூச்சும் வேண்டாம், சோறும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சிறு கூண்டில் மகிழ்ச்சியாக இருப்பார்கள். ராக்கெட் வெடித்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது; பொத்தானை அழுத்தினால் ஏவுதலுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். தோல்விக்கு அஞ்சாமல் பழக இது நல்லது. ஆனால் 2003-இல் கல்பனா சாவ்லாவும் தோழர்களும் கொலம்பியா விண்கலத்தில் மாண்டபோது அப்படி ஒரு பொத்தான் இருக்கவில்லை. இதை ஆட்டம் சொல்லாது. அருகில் இருக்கும் பெரியவர்தான் சொல்லவேண்டும்.

இவை பொய்கள் என்று நான் ஒதுக்கவில்லை. வகுப்பில் நாமும் உராய்வற்ற தளம் என்றும், நிறையற்ற கயிறு என்றும் சொல்கிறோம் அல்லவா? எதை விட்டுவிட்டோம் என்று தெரிந்திருக்கும்வரை எளிமைப்படுத்துதல் தீங்கன்று.

தேடு, பரவு, சுரண்டு, அழி

இரண்டாவது கேள்வி, ஆட்டத்தில் பிறர் யார் என்பது. 1993-இல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற விண்வெளி ஆட்டத்தைப் பற்றி எழுதிய அமெரிக்க விமர்சகர் ஆலன் எம்ரிச், இவ்வகை ஆட்டங்களின் இலக்கணத்தை நான்கு சொற்களில் அடக்கினார். தமிழில் சொன்னால் தேடு, பரவு, சுரண்டு, அழி. ஆங்கிலத்தில் நான்கிலும் எக்ஸ் என்னும் எழுத்தின் ஒலி வருவதால் 'நான்கு எக்ஸ்' என்ற பெயரே இவ்வகைக்கு நிலைத்துவிட்டது. ஸ்டெல்லாரிஸ் இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

முதல் கேள்விக்கு ஸ்டெல்லாரிஸ் தேறாது. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் செல்லும் வாயேஜர்-1 போன்ற கலம் அவ்வளவு தொலைவைக் கடக்கச் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். ஆட்டத்தில் சில மாதங்களில் போய்விடலாம். ஆனால் இதைக் குற்றமாகச் சொல்லவேண்டியதில்லை. கெர்பலைப்போல் இது இயற்பியல் கற்பிக்க வந்த ஆட்டமன்று. கதை என்று தெரிந்தே ஆடுகிறோம்.

எனக்குக் கவலை தருவது வேறு. இதில் கோள்கள் கனிமம், உணவு, ஆற்றல் தரும் இடங்களாகப் பட்டியலில் வருகின்றன. அங்கு வாழும் மக்களும் எண்களாகவே வருகிறார்கள். அமைதியான கூட்டாட்சி அமைத்து வெல்ல வழி உண்டு. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஓர் இனத்தை அடிமையாக்கவும், அடியோடு அழிக்கவும்கூட வழி உண்டு. திரையில் இரத்தம் இராது. ஓர் எண் குறையும், அவ்வளவுதான். இரத்தத்தைத் தேடும் கண்ணுக்கு இது எளிதில் அகப்படாது.

போடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஏலக்காயை ஏலம் விடும் ஊர் இது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் காய் ஓர் எண்ணாகத் தோன்றுகிறது: இத்தனை கிலோ, இன்ன விலை. அந்த எண்ணுக்குப் பின்னால், விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து மலையேறி, பகலெல்லாம் குனிந்து காயெடுத்து, மாலையில் இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பலர் வீட்டில் அது அம்மா, அல்லது அத்தை. 'கோளின் விளைச்சல் 12' என்று திரை காட்டும்போது, 'எடுத்தது யார்?' என்று கேட்க இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; நினைவூட்டினால் போதும்.

இதே ஊரின் இன்னொரு செய்தியும் இங்குப் பொருந்தும். போடி மேற்கு மலையில் பொட்டிப்புரத்தை ஒட்டி நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, 2022-இல் தமிழ்நாடு அரசு தன் மறுப்பை உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஆய்வுக்கூடம் வேண்டும் என்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்ளும்: ஒரு மலையில் கைவைக்குமுன் அதன் அடியில் வாழ்பவர்களோடு பேசியாக வேண்டும். ஆட்டத்தில் அந்தப் பேச்சு இல்லை. இடத்தைத் தொட்டால் கட்டடம் எழும்பிவிடும். உலகமும் அப்படித்தான் இயங்கும் என்று பதினோரு வயதில் பதிந்துவிட்டால் பின்னர் அழிப்பது கடினம். வரலாற்றில் குடியேற்ற ஆதிக்கத்தைப் படித்து முடித்த பதினாறு வயது மாணவரோ, இதே ஆட்டத்தை ஐயத்தோடு ஆடி, அதிலிருந்தே நல்ல விவாதம் ஒன்றைத் தொடங்கிவிடுவார்.

யாருடைய கடிகாரம்?

மூன்றாவது கேள்வியைப் பெற்றோர் மிகுதியும் கேட்பதில்லை. கேட்கவேண்டியது அதுவே. கெர்பலிலும், தனியாக ஆடும் ஸ்டெல்லாரிசிலும் ஆட்டத்தை நிறுத்தினால் உலகமும் நின்றுவிடும். சாப்பிட்டு, உறங்கி, தேர்வெழுதிவிட்டு வந்தாலும் கலம் அதே இடத்தில் காத்திருக்கும். இவற்றிலும் பிள்ளை நெடுநேரம் மூழ்கலாம். ஸ்டெல்லாரிசின் ஓர் ஆட்டம் முடியப் பல பத்து மணி நேரம் ஆகும். ஆயினும் எழுந்து போனவனை ஆட்டம் தண்டிப்பதில்லை.

ஓகேம் அப்படியன்று. அதில் கப்பல்கள் நம் கடிகாரப்படியே மணிக்கணக்கில் பயணம் செய்கின்றன. நீங்கள் மூடிவிட்டாலும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் உறங்கும்போது வேறெங்கோ விழித்திருக்கும் ஒருவர் உங்கள் கோளைத் தாக்கிச் சேர்த்த வளத்தைக் கொள்ளையிடலாம். சில நாள் விலகியிருக்க விடுப்பு வசதி உண்டு. ஒவ்வோர் இரவுக்கும் அது உதவாது. எனவே கப்பல்கள் திரும்பும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழும் பழக்கம் ஆட்டக்காரர்களிடையே உண்டாகிறது. வேகமாக முன்னேற வேண்டுமானால் 'கரும்பொருள்' என்ற பெயரில் ஆட்டத்துக்குள் புழங்கும் நாணயத்தைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். அண்டத்தின் பொருளில் பெரும்பகுதி கரும்பொருள் என்று வானியலார் கூறி, அது என்னவென்று இன்றும் தேடுகிறார்கள். இங்கே கடையிலேயே கிடைக்கிறது!

ஓகேமில் ஆபாசம் இல்லை, கோரம் இல்லை, பெரும்பாலும் பட்டியல்களும் எண்களுமே. பார்த்தவுடன் கணக்குப் பாடம்போல் தோன்றும். ஆயினும் மூன்று ஆட்டங்களில் பள்ளி மாணவர்க்கு மிகவும் பொருந்தாதது இதுவே என்பேன். செல்பேசிக்கு வரும் பல விண்வெளிப் போர் ஆட்டங்கள் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. தாயும் தந்தையும் மலைக்குப் போய்விட்டு இருட்டும்போது திரும்பும் வீட்டில், பிள்ளையின் நேரத்துக்குக் காவல் யாருமில்லை. அங்கே ஆட்டத்தின் கடிகாரம் மிக முக்கியமாகிவிடுகிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுப்பதற்கானது. மறுபுறம், அஞ்சி நடுங்கவும் தேவையில்லை. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட அதையே முதன்மையாகக் கொள்ளுதல், கேடு விளைந்தும் விடாதிருத்தல் ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமேனும் தொடர்ந்தால்தான் அப்பெயர் பொருந்தும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் விடாமல் ஆடிய பிள்ளையை நோயாளி என்று சொல்லிவிடக்கூடாது.

தீர்ப்பு

கெர்பல்: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்க்குத் தயங்காமல் தரலாம். அதற்குக் கீழே, பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்தால் கட்டி விளையாடும் பொம்மையாகப் பயன்படும். இரு தடைகள் உண்டு. ஆட்டத்தில் தமிழ் இல்லை. தமிழ்வழி மாணவர்க்கு அண்மைப் புள்ளி, சேய்மைப் புள்ளி, உந்துவிசை போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களை ஆசிரியர் முதலில் விளக்கிவிட்டால் போதும். அடுத்து, இதற்குக் கணிப்பொறி வேண்டும். வீட்டில் இல்லாதவர்க்குப் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். செல்பேசி மட்டுமே உள்ளவர்கள் 'ஸ்பேஸ்ஃபிளைட் சிமுலேட்டர்' என்ற எளிய தட்டைப்பட ஆட்டத்தில் இதே பாடங்களில் பலவற்றைக் கற்கலாம். அதன் அடிப்படைப் பகுதி இலவசம். கெர்பலின் இரண்டாம் பாகத்தை வாங்காதீர்கள். 2023-இல் அரைகுறையாக விற்பனைக்கு வந்து, 2024-இல் பணி நின்றுபோனது அது.

ஸ்டெல்லாரிஸ்: பதினாறுக்கு மேல், அதுவும் பேசிப் பழகும் வீட்டில். ஓகேமும் அதன் அச்சில் வந்த செல்பேசி ஆட்டங்களும்: பள்ளிப் பருவத்தில் வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒன்று. கெர்பல் ஆடும்போது பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஒவ்வோர் ஏவுதலுக்கும் முன்னால், எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்று எழுதிவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துங்கள். உங்கள் எண்ணும் திரையின் எண்ணும் எங்கே வேறுபட்டன, ஏன் வேறுபட்டன என்று தேடுங்கள். அந்தத் தேடல் இல்லாவிட்டால் நூறு ராக்கெட்டுகள் ஏவினாலும் அது பொழுதுபோக்கே.

தொடக்கமாக ஒரு கணக்கு. கெர்பினின் ஆரம் 600 கி.மீ.; மேற்பரப்பு ஈர்ப்பு முடுக்கம் 9.81. தரையிலிருந்து 80 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் சுற்றும் கலத்தின் வேகம் என்ன? பதினோராம் வகுப்புப் பாடமே இதற்குப் போதும். வினாடிக்கு 2,280 மீட்டருக்கு அருகில் விடை வந்தால், நீங்கள் ராக்கெட் கட்டத் தொடங்கலாம்.